சொந்த வீட்டின் மேல் வைத்த புள்ளி

இது நடந்து இரண்டு ஆடி ஆகிவிட்டது. இடம், பெரம்பலூரிலிருந்து சிறுவாச்சூர் போகிற வழியில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு கல்யாண மண்டபம். ஆடியில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? சும்மா பூட்டிக் கிடந்த மண்டபத்தை ஒரு கம்பெனி வாடகைக்கு எடுத்து அதில் மேப்பிங் பயிற்சி வைத்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் திரையைக் கட்டி, பந்தி மேஜைகளை மாடிக்குத் தூக்கி வந்து வரிசையாகப் போட்டு, எங்களை லேப்டாப்போடு உட்கார வைத்திருந்தார்கள்.

மேப்பிங் என்றால் என்ன வேலை என்று என் மாமியாருக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதனால் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சாட்டிலைட்டும் ட்ரோனும் மேலிருந்து எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் விரித்துப் போட்டு, இது வீடு, இது ரோடு, இது ஏரி என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். பிறகு நேரில் போய், போட்டது சரிதானா என்று பார்த்து வர வேண்டும். நீங்கள் கூப்பிட்ட ஆட்டோ சரியாக உங்கள் வாசலில் வந்து நிற்கிறதென்றால், எங்களைப் போல யாரோ கண்ணைக் கெடுத்துக்கொண்டு உங்கள் வாசலைக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நன்றி சொல்ல வேண்டாம், தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

நான் அரியலூரில் புவியியல் படித்தவள். திருச்சியில் டிப்ளமோ முடித்து அங்கேயே, வெளிநாட்டுக்கு மேப் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸில் வேலை பார்த்தேன். அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரின் சந்து பொந்தெல்லாம் எனக்கு அத்துப்படி. குழந்தை பிறந்ததும் வேலையை விட வேண்டியதாயிற்று. அதன் பிறகு வீட்டிலிருந்தே துண்டு துண்டாக வேலை வாங்கிச் செய்தேன். ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது.

இந்த வேலைக்கு நான் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. நாங்கள் காலனிக்காரர்கள். எங்கள் பக்கத்தில் ஊர் தனி, காலனி தனி, நடுவில் வயல். அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. எங்கள் தலைமுறையில் டிரைவர், நர்ஸ், எலக்ட்ரீஷியன் என்று எல்லாம் ஆகிவிட்டோம், ஆனால் யாராவது 'எந்தத் தெரு' என்று கேட்டால் மட்டும் இன்னமும் பேச்சை மாற்றிவிடுவோம். கல்லூரியில் முதன்முதலாகச் சாட்டிலைட் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. மேலே இருந்து பார்த்தால் வெறும் கூரைதான் தெரிகிறது. யார் வீட்டுக் கூரை என்று அதற்குத் தெரியாது. அப்பாடா, நமக்கு ஏற்ற தொழில் இதுதான் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

எங்கள் துறைக்கென்று ஒரு செய்தி மடல் வாரா வாரம் மெயிலில் வரும். எங்கே என்ன புது மென்பொருள் வந்திருக்கிறது, எங்கே பயிற்சி, எங்கே வேலை என்று அதில் போடுவார்கள். எல்லாம் ஹைதராபாத், டேராடூன், பெங்களூரு. இல்லையென்றால் வெளிநாட்டுக்காரர்கள் நடத்தும் ஆன்லைன் வகுப்பு, நான் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற நேரம் பார்த்துத்தான் ஆரம்பிக்கும். ஒருநாள் அதில் பெரம்பலூர் என்று போட்டிருந்தது. நம்ம பெரம்பலூர்தானா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் கிராமம் கிராமமாக ஒவ்வொரு வீட்டையும் மேப்பில் ஏற்றி, வீட்டுக்கு ஒரு எண் கொடுக்கப் போகிறார்களாம். ஆம்புலன்ஸ் வந்தாலும், வீட்டுக்குப் பட்டா எழுதினாலும் இனி அந்த எண்தான் பேசும் என்றார்கள். அதற்கு ஆள் எடுக்க ஒரு வாரப் பயிற்சி. அதில் தேறும் இரண்டு பேரைச் செலவு கொடுத்து ஹைதராபாத்துக்கு மேல்பயிற்சிக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் இங்கேயே மேற்பார்வையாளர் வேலை தருவார்கள். மாதச் சம்பளம், சொந்த மாவட்டம், குழந்தையை விட்டுவிட்டு எங்கேயும் ஓட வேண்டாம். என் வீட்டுக்காரர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார், வீட்டில் இருக்கும் நாள் குறைவு. அந்த வேலை எனக்குக் கிடைத்தால் எங்கள் வீடே நிமிர்ந்துவிடும். "நீ போ, புள்ளைய நான் பாத்துக்குறேன்" என்று என் மாமியார் சொன்னார். அத்தை அப்படி ஒரு வார்த்தை சொல்வது அபூர்வம்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. பயிற்சி கொடுக்க வந்தவர் பெங்களூருக்காரர். அப்பா அம்மா தமிழ்தான், ஆனால் இவர் பேசும் தமிழில் பாதிக்கு மேல் இங்கிலீஷ். நல்லவர். எங்களுக்கு ஒன்று புரியவில்லையென்றால் முகம் சுளிக்காமல் திரும்பச் சொல்வார். அவருக்கு உள்ளூர் உதவிக்கு ஒரு கோ-ஆர்டினேட்டர். நாற்பத்தைந்து வயது இருக்கும், நெற்றி நிறைய விபூதி, வாயைத் திறந்தால் தேன். எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அந்த ஊரில் அவருக்கு ஒரு சொந்தக்காரராவது இருப்பார். யாரை எங்கே அனுப்புவது, யாரைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் அவர் கையில்தான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

என் பக்கத்தில் உட்கார்ந்தது ஜெயங்கொண்டத்துப் பெண். அப்பா முந்திரி வியாபாரம். அப்போதுதான் படிப்பை முடித்திருந்தாள். மென்பொருளில் கொஞ்சம் தடுமாறினாள், நான் சொல்லிக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் அக்கா, அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். கீழே பந்திக் கூடத்தில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் என்னுடைய கருவாட்டுக் குழம்பில் பாதி அவளுக்குப் போனது, அவளுடைய முந்திரி போட்ட சாதத்தில் பாதி எனக்கு வந்தது. "நாளைக்கும் இதையே கொண்டாங்கக்கா" என்றாள். நான் அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் பயிற்சியாளர், "இன்னைக்கு ஒரு ஜாலியான எக்சர்சைஸ்" என்றார். பெரிய திரையில் இரண்டு மாவட்டமும் தெரியும்படி சாட்டிலைட் படத்தை விரித்தார். ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். மேப்பிங் பயிற்சி எங்கே நடந்தாலும் ஆரம்பத்தில் இதைச் செய்வார்கள். உலகம் பூராவும் இதுதான் வழக்கம். கூச்சம் போகும், ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளலாம் என்பது கணக்கு. அவருடைய பெங்களூரில் ஒருவர் வீட்டின் மேல் புள்ளி வைத்தால் அடுத்தவருக்கு என்ன தெரியும்? டிராஃபிக் எவ்வளவு என்று தெரியும், அவ்வளவுதான்.

இங்கே கோ-ஆர்டினேட்டர் மேடை ஓரத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வார்த்தை சொன்னார். "ஓ, பெருமாள் கோயில் தெருவா. அப்ப இன்னாரு வூட்டுக்குப் பக்கம்." "மேலத்தெருவா, சொல்லவே இல்ல பாத்தியா." ஜாதகம் பார்ப்பவர் கட்டத்தைப் பார்ப்பது போல அவர் மேப்பைப் பார்த்தார். பயிற்சியாளர் அதைக் கேட்டு, லோக்கல் நாலெட்ஜ் என்றால் இதுதான் என்று பாராட்டினார்.

என் முறை நெருங்கியது. ஊருக்குள் இருக்கும் பஸ் ஸ்டாப் மேல் வைத்துவிடலாமா என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தின் மேல் வைத்துவிட்டு, பக்கத்தில்தான் என்று சொல்லிவிடலாம். யார் வந்து அளந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் என் தொழில் புத்தி விடவில்லை. ஒரு புள்ளியை ஒரு முழம் தள்ளி வைத்ததற்காகத் திருச்சி ஆபீஸில் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அடுத்தவர் வீட்டை அவ்வளவு சுத்தமாக வைக்கிறவள், சொந்த வீட்டையா பொய்யாக வைப்பேன்? நான் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கோபம் வந்தது. போனேன். படத்தைப் பெரிதாக்கினேன். ஊர் வந்தது, அதைத் தாண்டி வயல் வந்தது, வயலைத் தாண்டி எங்கள் காலனி வந்தது. எங்கள் மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி தெளிவாகத் தெரிந்தது. அதன் பக்கத்திலேயே வைத்தேன்.

கோ-ஆர்டினேட்டர் கொஞ்சம் குனிந்து பார்த்தார். "ஊரு இல்லையேம்மா இது" என்றார். பிறகு, "ஓ. அந்தப் பக்கமா. சரி, சரி" என்றார்.

அவ்வளவுதான். பயிற்சியாளர் மட்டும், இந்த வகுப்பிலேயே மிகத் துல்லியமான புள்ளி இதுதான் என்று கை தட்டினார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தட்டினார்கள். நான் இறங்கி வந்து என் இடத்தில் உட்கார்ந்தபோது ஜெயங்கொண்டத்துப் பெண் லேப்டாப்பில் ஏதோ மும்முரமாக இருந்தாள்.

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு கொண்டு வந்திருந்தேன். கேட்டாளே என்று விடியற்காலையில் எழுந்து செய்தது. "இன்னைக்கு விரதம்கா" என்றாள். ஆடி மாதம், விரதத்துக்கா பஞ்சம், நானும் நம்பினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கை கழுவப் போனபோது, தூணுக்கு அந்தப் பக்கம் வேறு இரண்டு பெண்களோடு உட்கார்ந்து ஆம்லெட்டும் சாதமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. நான் பார்க்காதது மாதிரி வந்துவிட்டேன். ஏன் அப்படி வந்தேன் என்று எனக்கே இன்றுவரை தெரியவில்லை. நேராகப் போய், என்ன விரதம் இது, முட்டை போட்டா என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். தேவைப்படுகிற இடத்தில் மட்டும் அது எங்கே போய்விடுகிறதோ.

அடுத்த நாளும் விரதம். அதற்கடுத்த நாள் என் பக்கத்து நாற்காலியே காலி. அங்கே ஃபேன் காற்று வரவில்லையாம்.

பயிற்சியின் கடைசிக் கட்டம் களப்பணி. பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப் போய், ஜோடி ஜோடியாகப் பிரித்துவிட்டு, வீடு வீடாகப் போய் மொபைலில் புள்ளி வைத்து, வீட்டின் முன்பக்கத்தைப் படம் எடுத்து, வீட்டுத் தலைவர் பெயரைக் கேட்டு ஏற்ற வேண்டும். ஒருநாளில் யார் எத்தனை வீட்டை முடிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஹைதராபாத்துக்கு ஆள் எடுப்பது. நான் அன்றைக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இந்த வேலையில் என்னைவிட வேகமான ஆள் அந்த மண்டபத்தில் யாரும் இல்லை. சோறு தின்ன வர மாட்டார்கள் என்றால் வர வேண்டாம், வேலையை அள்ளிக்கொண்டு போகிறேன் என்று வைராக்கியத்தோடு போனேன்.

கோ-ஆர்டினேட்டர் எல்லோருக்கும் தெரு பிரித்துக் கொடுத்தார். எங்களிடம் வந்ததும் தோளைத் தொடாத குறையாக, அவ்வளவு கனிவாகச் சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் பாத்துடுங்கம்மா. உங்களுக்கு அங்க ஈஸியா இருக்கும்."

அந்தப் பக்கம் என்றால் அந்த ஊரின் காலனி. ரெண்டு பேர் என்றால் நானும், லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்திருந்த ஒரு அண்ணனும். அவர் கல்ஃபில் ரொம்ப வருடம் சர்வேயருக்கு உதவியாளாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அதுவரை வகுப்பில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

ஈஸியா இருக்கும் என்றாரே, காலனியில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. வேலைக்குப் போகிற ஜனம் பகலில் வீட்டிலா உட்கார்ந்திருக்கும்? ஆள் இல்லாமல் பெயர் வாங்க முடியாது, பெயர் இல்லாமல் வீடு கணக்கில் ஏறாது. ஊருக்குள் மற்றவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பூட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது.

டீக்கடையில் நின்றபோது அந்த அண்ணன்தான் ஆரம்பித்தார்.

"தங்கச்சி, அன்னைக்கு நீங்க அந்தப் புள்ளிய வூட்டு மேலயே வெச்சிருக்க வேண்டாம்."

"பொய்யா வைக்கச் சொல்றீங்களாண்ணே?"

"நான் பெட்ரோல் பங்க்குல வெச்சேன். பங்க்குக்கும் எங்க வூட்டுக்கும் ரொம்ப தூரம். எங்க தெருவுல வெச்சா, அடுத்து பள்ளிவாசல்தான் தெரியும். பேர வெச்சே தெரிஞ்சுடும்தான். இருந்தாலும் நாமளே எதுக்குக் காட்டிக் குடுக்கணும்?" டீயை ஒரு வாய் குடித்தார். "கல்ஃப்ல நாங்க இருந்த கேம்ப்புல ஆயிரக்கணக்குல ஆளு. மேப்புல பாத்தா வெறும் மணலு. அங்கேயே பழகிட்டேன். நாம இருக்குற எடத்த நாமளே மறைச்சுக்கணும், இல்லன்னா மேப்பு போடுறவன் மறைச்சுடுவான்."

அழுகை வருகிற மாதிரி இருந்தது, சிரித்து வைத்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தப் பயிற்சி மேப்பைத் திறந்து எல்லாருடைய புள்ளிகளையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று பஸ் ஸ்டாண்டில் இருந்தது. ஒன்று ஒரு ஸ்கூல் மைதானத்தில். ஒரு புண்ணியவான் ஏரி நடுவில் குடியிருந்தார். அத்தனை பேரையும் எனக்கு வகுப்பில் தெரியும். டீ இடைவேளையில் ஓரமாக நிற்பவர்கள், எந்த ஊர் என்று கேட்டால் பக்கத்து டவுன் பெயரைச் சொல்பவர்கள். கோயில் தெருக்காரர்களுடைய புள்ளியெல்லாம் அச்சுப் பிசகாமல் அவரவர் ஓட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. ஜெயங்கொண்டத்துப் பெண்ணுடையதும் அப்படித்தான். துல்லியம், துல்லியம் என்று வகுப்பில் பாடம் எடுக்கிறார்களே, அதுகூட யாருக்குக் கட்டுப்படியாகும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மறைக்க ஒன்றும் இல்லாதவன் துல்லியமாக இருந்துவிட்டுப் போகலாம்.

கடைசி நாள் மேடையில் பெயர் படித்தார்கள். ஜெயங்கொண்டத்துப் பெண் ஒன்று, மேலத்தெருப் பையன் ஒன்று. என்னுடைய வேலையில் ஒரு தவறுகூட இல்லை என்று பயிற்சியாளர் மைக்கில் சொன்னார், ஆனால் வீடுகள் குறைவு என்றார். நான் எழுந்து போய், பூட்டின வீட்டுக்கு நான் என்ன சார் செய்ய முடியும், எனக்கும் ஊருக்குள் ஒரு தெரு கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்றேன். அவர் உண்மையிலேயே சங்கடப்பட்டார். லோக்கல் விஷயங்களில் கோ-ஆர்டினேட்டர் முடிவுதான் என்று சொல்லிவிட்டு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். நல்லவர்கள் இப்படித்தான், பிரச்சினை வந்தால் ஒயரைச் சுருட்டுவார்கள்.

கோ-ஆர்டினேட்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கோபமே இல்லை அவரிடம். பெற்ற மகளிடம் பேசுவது போலப் பேசினார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. நீ கெட்டிக்காரி, நான் இல்லேங்கல. ஆனா நாளைக்கு எல்லா ஊருலயும் ஒவ்வொரு வூட்டு நடை ஏறணும். உள்ள கூப்புட்டு ஒக்கார வைப்பாங்களா? ஜனங்க ஒத்துக்கணும்ல? நான் ஒரு கம்பெனிக்குப் பதில் சொல்லணும்."

"சரிங்க சார். அப்ப எங்க காலனி வூடுங்களுக்கு யாரு வருவாங்க? அந்த ஜனம் ஒத்துக்குமான்னு யாரையாச்சும் கேட்டீங்களா?"

அவர் சிரித்தார். நான் ஏதோ குழந்தைத்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி. "அதுல என்னம்மா இருக்கு. அவங்க ஒத்துக்குவாங்க."

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. மண்டபத்துக்கு வெளியே வந்து நின்றேன். சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனது. அந்த அண்ணன் தன் வண்டியில் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "அல்லா பாத்துக்குவான்மா" என்றார். அவருடைய அல்லாவோ என்னுடைய அம்மனோ அந்த வாரம் பெரம்பலூர்ப் பக்கம் வந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் ஏதோ ஒரு வேலை போச்சு என்று நான் எப்போதோ தலை முழுகியிருப்பேன்.

தை கழிந்த பிறகு ஒருநாள் ஜெயங்கொண்டத்துப் பெண் போன் செய்தாள். ஹைதராபாத் முடித்து மேற்பார்வையாளர் ஆகியிருந்தாள். "அக்கா, நல்லாருக்கீங்களா, பாப்பா நடக்குதா" என்று ஆரம்பித்து, மெதுவாக விஷயத்துக்கு வந்தாள்.

"காலனிங்க மட்டும் நிறைய மிச்சமா நிக்குதுக்கா. நம்ம பசங்க யாரும் அங்க போக மாட்டேங்குறானுங்க. ஒருத்தன் போயிட்டு வந்தேன்னு பொய் சொல்லிட்டு, ரோட்டுல நின்னே படம் எடுத்துட்டு வந்துட்டான். உங்களக் கேட்டா செய்வீங்கன்னு கோ-ஆர்டினேட்டர் சார்தான் சொன்னாரு. வூட்டுக்கு இவ்வளவுன்னு குடுத்துடுவாங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நிதானமாகத்தான் சொன்னேன். "ஊருக்குள்ள இருக்குற தெருவையும் சேத்துக் குடு. ரெண்டையும் செய்யிறேன். காலனி மட்டும்னா வர மாட்டேன்."

கேட்டுச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் சொன்னாள். "ஊரு பக்கம்லாம் முடிஞ்சிருச்சாம்கா." உண்மையாகவும் இருக்கலாம். போனை வைக்கப் போனவள், "சாரிக்கா" என்று மட்டும் சொன்னாள். எதற்கு சாரி என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "வூடு தேடி வர்ற வேலைய எட்டி ஒதைக்கிற. நான் அறுப்புக்குப் போனப்ப எவன் வயலுன்னு பாத்தா போனேன்? கூலிய வாங்குனோமா, புள்ளைக்கிச் சோறு போட்டோமான்னு இருந்தேன்."

"அதனாலதான் அத்த இன்னமும் அப்படியே இருக்கோம்" என்றேன்.

அந்த வார்த்தை அவரைச் சுட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போன ஆடியில் அந்தச் செய்தி மடலில் வந்தது, இரண்டு மாவட்டத்துக் கிராமங்களின் வீட்டு மேப் தயார், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று. லேப்டாப்பைத் திறந்து எங்கள் ஊரைத் தேடினேன். ஊருக்குள் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக, சுத்தமாக, எண்ணோடு இருந்தது. மாட்டுக்கொட்டகையைக் கூட விடவில்லை. வயலைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தேன். மொத்தக் காலனியையும் சேர்த்து ஒரே வளையமாகச் சுற்றி, உள்ளே சாம்பல் நிறம் பூசி, மேலே 'குடியிருப்பு' என்று எழுதியிருந்தார்கள். ஒரு வீடு இல்லை. ஒரு சந்து இல்லை. ஒரு எண் இல்லை.

பக்கத்து ஊர் காலனிகளையும் பார்த்தேன். பாதிக்கு மேல் அதே சாம்பல்.

அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. "இது நம்ம ஊரா? அழகா இருக்கு" என்றார். பிறகு குனிந்து, "நம்ம வூடு எங்க புள்ள?" என்றார்.

நான் அந்தச் சாம்பல் நிறத்தின் மேல் விரலை வைத்தேன். "இதுக்குள்ளதான் அத்த. எங்கயாச்சும்."

அவர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "நீ போயிருந்தா போட்டிருப்பல்ல?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

அந்த வாரமே இரண்டு பேருமாக இறங்கினோம். அத்தை முன்னால் போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஆட்களைக் கூப்பிட்டார், நான் பின்னால் போனில் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும் வரை காத்திருந்து பெயர் வாங்கினோம். ஒரு வீடு விடவில்லை. தவறுகளைத் தெரிவிக்க என்று அந்த மேப்பில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதன் வழியாக எல்லாவற்றையும் அனுப்பினேன். உங்கள் பங்களிப்புக்கு நன்றி, பரிசீலனையில் உள்ளது என்று உடனே பதில் வந்தது. மறுபடியும் அனுப்பினேன், அதே பதில் வந்தது. ஆள் எழுதிய பதில் இல்லை, மிஷின் எழுதுவது. அந்த ஜெயங்கொண்டத்துப் பெண்ணுக்கும் மெசேஜ் அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு காட்டியது. இன்று வரைக்கும் எங்கள் பக்கம் சாம்பல்தான்.

அந்த வேலையை வேண்டாம் என்றது சரியா என்று என் வீட்டுக்காரர் எப்போதாவது கேட்பார். சரிதான் என்றுதான் சொல்வேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சரிக்கு விலை கொடுத்தது நான் மட்டும் இல்லை, எங்கள் தெருவே கொடுத்தது. தன்மானமா, தெருவுக்கு நல்லதா, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று என்னைக் கேட்டார்கள். வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவரிடமும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, கேட்கப்போவதும் இல்லை என்பதைத்தான் என்னால் இன்னமும் மறக்க முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.